சின்னச் சார்ட்டர் பள்ளியின் விவரப் பக்கத்தைப் படிப்பது எப்படி? ஜெர்சி சிட்டி பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்சி சிட்டியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைக்கு நான்கு வயது நெருங்கியதும் பேச்சு பள்ளியின் பக்கம் திரும்பிவிடும். ஜர்னல் ஸ்கொயர் அடுக்ககங்களின் வாசலிலும் நியூபோர்ட் ஆற்றங்கரையிலும் சாயங்காலம் பிள்ளைகளை விளையாட விட்டு நிற்கும் பெற்றோர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாமா, தனிக் குழு நடத்தும் பொதுப் பள்ளியான சார்ட்டர் பள்ளியின் குலுக்கலுக்கும் பெயர் கொடுக்கலாமா? யாராவது ஒரு பள்ளியின் பெயரைச் சொல்வார்கள். அன்று ராத்திரி மத்திய, மாநில அரசுத் தளங்களில் அந்தப் பள்ளியின் விவரப் பக்கத்தைத் திறந்தால் சதவீதங்களும் நட்சத்திரக் குறிகளும் வண்ணப் பட்டைகளுமாக இருக்கும். நல்ல பள்ளியா இல்லையா என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது.

எங்கள் மகளுக்காக இப்படித் தேடியபோது ஒரு சின்னப் பள்ளியை ஒரே ஒரு எண்ணைப் பார்த்து ஒதுக்கினேன். மூன்றாம் வகுப்புக் கணக்கில் 41 சதவீதம் பேர்தான் தேறியிருந்தார்கள். தேர்வு எழுதிய 39 பிள்ளைகளில் 16 பேர் என்பதுதான் அந்த 41 சதவீதம். இன்னும் நான்கே பேர் தேறியிருந்தால் எண் பாதியைத் தாண்டியிருக்கும். இது எனக்கு உறைத்தபோது விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது. இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதுதான். சின்னப் பள்ளியின் பக்கத்தில் எந்தச் சதவீதத்தைக் கண்டாலும் முதலில் அதைத் தலை எண்ணிக்கையாக மாற்றுங்கள். மதிப்பீடெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுக் காட்ட ஒரு மாதிரிப் பள்ளியை வைத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை, ஆனால் இந்த அளவுப் பள்ளிகளில் இப்படித்தான் இருக்கும். கிண்டர்கார்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரை மொத்தம் 240 பிள்ளைகள். கிண்டர்கார்டனில் 46, முதல் வகுப்பில் 44, இரண்டில் 42, மூன்றில் 40, நான்கில் 37, ஐந்தில் 31.

படி 1: இது என்ன மாதிரிப் பள்ளி என்று உறுதி செய்யுங்கள்

சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி என்று நினைக்கும் நண்பர்களை இன்னமும் பார்க்கிறேன். அது அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் குலுக்கல். நகரத்தின் பள்ளி நிர்வாகத்துக்குக் கீழ் வராமல், தனக்கென்று ஓர் அறங்காவலர் குழுவை வைத்து நடப்பதுதான் வித்தியாசம். அப்படி நடத்த அரசு எழுதிக் கொடுக்கும் அனுமதி ஒப்பந்தத்துக்குத்தான் சார்ட்டர் என்று பெயர். அமெரிக்காவில் இதற்கான முதல் சட்டம் 1991இல் மின்னசோட்டாவில் வந்தது. அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. நியூ ஜெர்சியில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1997இல் முதல் பள்ளிகள் தொடங்கின.

நியூ ஜெர்சியில் அனுமதி தருபவர் மாநிலக் கல்வி ஆணையர். முதல் அனுமதி நான்கு ஆண்டுகளுக்கு; அப்புறம் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிப்பார். நன்றாக நடக்காத பள்ளியைக் கண்காணிப்பில் வைக்கவும், அனுமதியைத் திரும்பப் பெறவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், அடுத்தது எப்போது என்ற மூன்றையும் தாளின் மேல் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது புதுப்பிப்பு வருகிறது என்றால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மத்திய அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் ஒவ்வொரு பொதுப் பள்ளிக்கும் 12 இலக்க எண் ஒன்று கொடுத்திருக்கிறது. முதல் ஏழு இலக்கம் பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது நாம் டிஸ்ட்ரிக்ட் என்று சொல்வதற்கு. கடைசி ஐந்து பள்ளிக்கு. நியூ ஜெர்சி என்றால் 34 என்று தொடங்கும். இந்த மாநிலத்தில் சார்ட்டர் பள்ளி ஒவ்வொன்றும் தனி மாவட்டமாகவே கணக்கில் வருவதால், மாவட்டம் என்ற இடத்தில் ஜெர்சி சிட்டி என்று இல்லாமல் பள்ளியின் பெயரே இருக்கும். குழம்ப வேண்டாம். இதனால் நடைமுறையில் ஒரு விளைவு உண்டு. பள்ளியோடு ஏதாவது பிரச்சினை என்றால் நகரப் பள்ளி அலுவலகத்துக்குப் போய்ப் பயனில்லை. பள்ளியின் அறங்காவலர் குழுவிடம்தான் போக வேண்டும்.

அதே பக்கத்தில் பெரிய நகரம், நடுத்தர நகரம், சிறு நகரம் என்ற வகையும் இருக்கும். 2,50,000 மக்கள்தொகையும் அதற்கு மேலும் பெரிய நகரம். 1,00,000 முதல் அது வரை நடுத்தரம். அதற்குக் கீழே சிறு நகரம். ஜெர்சி சிட்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 2,92,449. ஒரு பள்ளியை ஒப்பிடுவதானால் இதே வகை நகரத்துப் பள்ளிகளோடு ஒப்பிடுங்கள். எடிசன் பக்கத்துப் புறநகர்ப் பள்ளியோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம்.

படி 2: எண்கள் எந்த ஆண்டினுடையவை?

சின்ன வேலைதான், ஆனால் பலரும் விட்டுவிடுவார்கள். மாநிலத்தின் பள்ளிச் செயல்பாட்டு அறிக்கை முந்தைய கல்வி ஆண்டைப் பற்றியது. நீங்கள் படிக்கும்போது அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போயிருப்பார்கள். 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் நியூ ஜெர்சியில் மாநிலத்தின் வசந்தகாலத் தேர்வு நடக்கவில்லை. 2022இல்தான் மறுபடி தொடங்கியது. பழைய எண்களோடு ஒப்பிடும்போது இந்த இடைவெளியை நினைவில் வையுங்கள்.

படி 3: வகுப்புவாரி எண்ணிக்கையைச் சாய்வாகப் படியுங்கள்

என்னைக் கேட்டால் முழுப் பக்கத்திலும் அதிகம் பேசும் இடம் இதுதான். தேர்வு முடிவுக்கு ஓடுமுன் இங்கே பத்து நிமிடம் செலவிடுங்கள்.

நம் மாதிரிப் பள்ளியில் கிண்டர்கார்டனில் 46 பேர், ஐந்தாம் வகுப்பில் 31 பேர். மேலே போகப் போகக் குறைகிறது. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பள்ளி வளர்ந்துகொண்டிருக்கிறது. இப்போதைய ஐந்தாம் வகுப்பு, பள்ளி இன்னும் சின்னதாக இருந்தபோது 32 பேரோடு தொடங்கியிருக்கலாம். இரண்டு, பிள்ளைகள் நடுவில் விலகுகிறார்கள், அந்த இடங்களைப் பள்ளி நிரப்புவதில்லை. மூன்று, நிரப்ப முயன்றும் மேல் வகுப்புக்கு ஆள் வருவதில்லை.

இந்த ஆண்டின் பக்கத்தை மட்டும் வைத்து இது எதுவென்று சொல்ல முடியாது. பழைய ஆண்டுகளின் பக்கங்களையும் திறந்து வையுங்கள். ஐந்து ஆண்டுக்கு முன் கிண்டர்கார்டனில் எத்தனை பேர், அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் எத்தனை, அதற்கடுத்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் எத்தனை என்று சாய்வாக இறங்கி வாருங்கள். இப்போது ஒரே கூட்டத்துப் பிள்ளைகளைப் பின்தொடர்கிறீர்கள். 45 பேராகத் தொடங்கிய கூட்டம் 31 ஆனால், பதினான்கு குடும்பங்கள் போயிருக்கின்றன. 32 பேராகத் தொடங்கி 31 ஆனால் கூட்டம் கிட்டத்தட்ட கலையவே இல்லை. பக்கத்தில் தெரிவது அதே 31தான், ஆனால் கதை முற்றிலும் வேறு.

குறைவதெல்லாம் பள்ளியின் குற்றமும் அல்ல. இந்த ஊரில் வாடகை ஏறுவதாலும் வீடு வாங்கிப் புறநகருக்குப் போவதாலும் குடும்பங்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நம் நட்பு வட்டத்திலேயே எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் பக்கத்து அரசுப் பள்ளிக்கும் இதே சாய்வுக் கணக்கைப் போட்டு, எந்த வகுப்பில் உடைகிறது என்று பாருங்கள். நடுவில் ஒரே ஆண்டில் எட்டு, பத்துப் பேர் போயிருந்தால், அந்த ஆண்டு அங்கே என்ன நடந்தது என்று பெற்றோரிடம் கேட்க உங்களிடம் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது.

படி 4: ஆசிரியர் விகிதமும் வகுப்பறை அளவும்

மாணவர்–ஆசிரியர் விகிதம் 12க்கு 1 என்று இருந்தால் ஒரு வகுப்பறையில் 12 பிள்ளைகள் என்று பொருள் இல்லை. 240 பிள்ளைகளை 20 ஆசிரியர்களால் வகுத்தால் 12. அந்த இருபதில் ஓவியம், இசை, உடற்பயிற்சி, சிறப்புக் கல்வி, ஆங்கிலம் கற்றுத்தரும் ஆசிரியர்கள் எல்லாரும் அடக்கம். அரை நாள் வேலை செய்பவர் அரை ஆளாகக் கணக்கில் வருவார். வகுப்புக்கு இரண்டு பிரிவு வைத்தால் கிண்டர்கார்டன் அறையில் உட்காருவது 23 பேர். அங்கே உதவி ஆசிரியர் முழு நாளும் இருக்கிறாரா என்பதை நேரில்தான் கேட்க வேண்டும்.

படி 5: தேர்வு முடிவு, பொறுமையாக

மத்திய சட்டப்படி வாசிப்பும் கணிதமும் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஆண்டுதோறும் தேர்வு. நியூ ஜெர்சியில் இதற்கு என்ஜேஎஸ்எல்ஏ என்று பெயர். அறிவியல் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் மட்டும். நம் பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகள் சேர்ந்து 108 பேர். மீதி 132 பேர், பாதிக்கும் மேல், எந்தத் தேர்விலும் வராதவர்கள். உங்கள் பிள்ளை சேரப்போகும் கிண்டர்கார்டனைப் பற்றி இந்தப் பகுதி நேரடியாக எதுவும் சொல்லவில்லை. வாசிக்கக் கற்றுக்கொள்ளும் அந்த முதல் மூன்று ஆண்டுகளில் பள்ளி என்ன செய்கிறது என்பது மூன்றாம் வகுப்பு எண்ணில் நிழலாகத்தான் தெரியும்.

2019இல் தொடங்கிய இந்தத் தேர்வின் மதிப்பெண் 650 முதல் 850 வரை. 750ஐத் தொட்டால் எதிர்பார்ப்பை எட்டியதாகக் கணக்கு. மொத்தம் ஐந்து நிலைகள். நான்காம், ஐந்தாம் நிலையில் இருப்பவர்களைச் சேர்த்துத்தான் தேர்ச்சிச் சதவீதம் வரும். 749 எடுத்த பிள்ளையும் 660 எடுத்த பிள்ளையும் அந்தச் சதவீதத்தின் பார்வையில் ஒன்றுதான். அதனால் பெரிய எழுத்தில் இருக்கும் சதவீதத்தோடு நின்றுவிடாமல், ஐந்து நிலைகளும் பிரித்துக் காட்டும் பட்டையைத் தேடுங்கள். மூன்றாம் நிலையில் கூட்டம் நிற்கும் பள்ளி கோட்டுக்கு அருகில் இருக்கிறது. முதல் நிலையில் கூட்டம் நின்றால் கவலைப்பட வேண்டிய விஷயம்.

இப்போது தலை எண்ணிக்கைக்கு வருவோம். மூன்றாம் வகுப்பின் 40 பேரில் 38 பேர் எழுதினார்கள் என்று வையுங்கள். 19 பேர் தேறினால் 50 சதவீதம். அடுத்த ஆண்டு, வேறொரு 38 பேரில் 15 பேர் தேறினால் 39 சதவீதம். வரைபடத்தில் கோடு செங்குத்தாக விழும். பார்ப்பவர் பள்ளி சரிந்துவிட்டது என்று நினைப்பார். நடந்தது நான்கு பிள்ளைகளின் வித்தியாசம். ஓர் அறையில் இரண்டு பேர் தேர்வன்று காய்ச்சலோடு வந்திருக்கலாம், இரண்டு பேர் அந்த ஆண்டுதான் இந்த நாட்டுக்கு வந்திருக்கலாம். 38 பேரில் ஒரு பிள்ளையின் எடை இரண்டரைப் புள்ளிக்கும் மேல். 120 பேர் எழுதும் பெரிய பள்ளியில் அதே பிள்ளையின் எடை ஒரு புள்ளிகூட இல்லை. சின்னப் பள்ளியின் எண் ஆண்டுக்கு ஆண்டு குதிப்பது அதன் அளவினால் வரும் இயல்பு.

அதற்கான வழி எளிது. மூன்று ஆண்டுகளின் தேறியவர்களைத் தலையாக எண்ணிக் கூட்டுங்கள், எழுதியவர்களையும் கூட்டுங்கள், அப்புறம் வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கணக்கு கையில் இருந்தால் ஓரளவு நம்பலாம். மூன்று ஆண்டும் ஒரே திசையில் போகிறதென்றால் அதை மதிக்க வேண்டும்.

நட்சத்திரக் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பிரிவில் பிள்ளைகள் மிகக் குறைவாக இருந்தால், யார் என்ன மதிப்பெண் என்று வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணை மறைத்துவிடுவார்கள். மூன்றாம் வகுப்பில் ஆசியப் பிள்ளைகள் ஏழு பேர் என்றால் அங்கே எண் இருக்காது. யாரும் தேறவில்லை என்றோ பள்ளி எதையோ ஒளிக்கிறது என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்னப் பள்ளியில் பாதிப் பக்கம் நட்சத்திரமாக இருப்பது சகஜம்.

படி 6: வளர்ச்சி எண்

தேர்ச்சிச் சதவீதம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லும். பள்ளிக்கு வருமுன்பே வீட்டில் ஐந்நூறு கதைப் புத்தகம் கேட்டு வளர்ந்த பிள்ளை தேறுவதில் பள்ளியின் பங்கு எவ்வளவு? அதைப் பிரித்துப் பார்க்க உதவுவது வளர்ச்சி எண். சென்ற ஆண்டு இதே மதிப்பெண் எடுத்த மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்த ஆண்டு எவ்வளவு முன்னேற்றம் என்பதை 1 முதல் 99 வரை சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகளின் எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணைப் பக்கத்தில் போடுவார்கள். 50 என்றால் சராசரி வேகம். 40க்கும் 60க்கும் இடையில் இருந்தால் மாநிலத்தின் எதிர்பார்ப்பை எட்டியதாகக் கொள்வார்கள்.

தேர்ச்சி 45 சதவீதமும் வளர்ச்சி 62ம் இருக்கும் பள்ளி, தேர்ச்சி 70 சதவீதமும் வளர்ச்சி 38ம் இருக்கும் பள்ளி, இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் முதலாவதைத்தான் போய்ப் பார்ப்பேன். ஆனால் இங்கேயும் எண்ணிக்கை முக்கியம். மூன்றாம் வகுப்புக்கு முந்தைய தேர்வு இல்லாததால் வளர்ச்சியில் வருவது நான்காம், ஐந்தாம் வகுப்புகள் மட்டும். நம் பள்ளியில் 68 பேர். மூன்று ஆண்டு சேர்த்துப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

வீடு தேடும் தளங்களில் பள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் 1 முதல் 10 வரை ஓர் எண் இருக்குமே, அது பெரும்பாலும் கிரேட்ஸ்கூல்ஸ் நிறுவனத்துடையது. இந்தத் தேர்ச்சியையும் வளர்ச்சியையும் கலந்து அவர்கள் செய்வது. மூலப் பொருளை நாமே பார்த்துவிட்ட பிறகு அந்த ஒற்றை எண்ணுக்குத் தேவை குறைந்துவிடும்.

படி 7: யார் யார் படிக்கிறார்கள்?

சார்ட்டர் பள்ளி தன் ஊரின் குறுக்குவெட்டாக, முடிந்தவரை எல்லாத் தரப்புப் பிள்ளைகளையும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது நியூ ஜெர்சி சட்டம். அதனால் பள்ளியின் எண்களை எப்போதும் நகரப் பள்ளி மாவட்டத்தின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஆசியர் என்ற கட்டத்தில் தமிழ்ப் பிள்ளையும் குஜராத்திப் பிள்ளையும் பிலிப்பினோ, கொரியப் பிள்ளைகளும் ஒன்றாக இருப்பார்கள். அந்த எண்ணை வைத்து நம்மவர் எத்தனை பேர் என்று கணிக்க முடியாது.

வருமானத்தைப் பார்க்க இலவச, சலுகை விலை மதிய உணவுக் கணக்கு உதவும். மத்திய அரசின் விதிப்படி, வறுமைக் கோட்டில் 130 சதவீதம் வரை வருமானம் என்றால் இலவசம். 185 வரை சலுகை. ஆனால் சில பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு தரும் திட்டத்தில் இருக்கும். அங்கே குடும்பங்களிடம் விண்ணப்பம் வாங்குவதில்லை. வேறு அரசு உதவி பெறுவோரின் பட்டியலிலிருந்து எண் வருகிறது. உதவி எதுவும் வாங்காமல் சிரமப்படும் புலம்பெயர்ந்த குடும்பங்கள் அதில் விடுபட்டுப்போகும். இரண்டு பள்ளிகளை ஒப்பிடுமுன் இரண்டும் ஒரே முறையில்தான் எண்ணுகின்றனவா என்று பாருங்கள். மாவட்டத்தைவிடப் பள்ளியில் வசதியான குடும்பங்கள் மிக அதிகம் என்றால், அதன் உயர்ந்த தேர்ச்சியைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் பற்றிய வரி நமக்கு மிக நெருக்கமானது. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனியே ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதிவிடும் பெற்றோரை எனக்குத் தெரியும். தயவுசெய்து உண்மையை எழுதுங்கள். படிவம் ஒரு தொடக்கம்தான். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளை அடுத்த கட்டச் சோதனையில் வெளியே வந்துவிடும். உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது சட்டப்படி கிடைக்க வேண்டிய உரிமை. உதவி வகுப்பு வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு, ஆனால் ஆங்கிலம் கற்பவர் என்ற நிலையிலிருந்து வெளியேறும் வரை ஆண்டுதோறும் ஆங்கிலத் தேர்வு மட்டும் எழுத வேண்டியிருக்கும்.

இப்போது பள்ளியின் எண்ணைப் பாருங்கள். 6 சதவீதம் என்றால் 14 பேர். ஆறு வகுப்புகளில் பரவினால் வகுப்புக்கு இரண்டு, மூன்று பேர். இவர்களுக்கு முழுநேர ஆசிரியர் இருக்கிறாரா, பிள்ளையை வகுப்பிலிருந்து அழைத்துப் போய்ச் சொல்லித்தருகிறார்களா, வகுப்புக்குள்ளேயே வந்து உதவுகிறார்களா? சென்னையிலிருந்து நேராக வந்து இறங்கிய ஆறு வயதுப் பிள்ளைக்கு, 14 பேர் இருக்கும் பள்ளியைவிட 90 பேர் இருக்கும் பள்ளியில் துணையும் ஏற்பாடும் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. சின்னப் பள்ளி எப்போதும் மேல் என்று நான் சொல்லமாட்டேன்.

சிறப்புக் கல்விக்கும் இதே மாதிரி. 11 சதவீதம் என்றால் 26 பேர். சார்ட்டர் பள்ளி எந்தப் பிள்ளையையும் குறைபாட்டைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. தனிக் கல்வித் திட்டம் உள்ள பிள்ளைக்கு அதன்படி சேவை தர வேண்டும். ஆனால் பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், தனி வகுப்பறை உண்டா என்பது பக்கத்தில் இருக்காது. உங்கள் பிள்ளைக்குத் தேவை இருந்தால் வேறெதையும்விட இதை முதலில் கேளுங்கள்.

படி 8: வருகை

பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளைத் தொடர்ந்து வராதவர் என்று எண்ணுவார்கள். 180 நாளில் 18 நாள். 15 சதவீதம் என்று இருந்தால் 36 பிள்ளைகள். டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்பும் குடும்பம் இந்தக் கணக்கில் எளிதாக விழுந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். காத்திருப்புப் பட்டியல் நீளமாக உள்ள பள்ளியில் நீண்ட விடுப்பு எடுத்தால் இடம் நிலைக்குமா என்பதைப் பயணச்சீட்டு வாங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 9: ஆசிரியர்கள், கட்டடம், பணம்

மாநில அறிக்கையில் ஆசிரியர்களின் அனுபவ ஆண்டுகள் இருக்கும். 20 பேரில் நான்கு பேர் போனாலே ஐந்தில் ஒரு பங்கு மாறிவிட்டது என்று வரும். இரண்டு பேர் பிரசவ விடுப்புக்குப் பின் திரும்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு பாதிப் பேர் புதியவர்கள் என்றால் அதற்கு எந்தச் சமாதானமும் எனக்குப் போதாது. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த முகம் வேண்டும். தலைமையாசிரியர் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்பதும் சின்னப் பள்ளியில் பெரிய விஷயம். ஒருவர் மாறினால் பள்ளியே மாறிவிடும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது மைதானம் இல்லையே, பழைய தேவாலயப் பள்ளிக் கட்டடமாக இருக்கிறதே என்று தோன்றலாம். காரணம் சட்டத்தில் இருக்கிறது. நியூ ஜெர்சியில் பிள்ளை வாழும் மாவட்டம் சார்ட்டருக்குக் கொடுப்பது தலைக்கு ஆகும் அடிப்படை நிதியில் 90 சதவீதம். அதோடு, பொதுப் பணத்தில் கட்டடம் கட்டச் சட்டத்தில் கட்டுப்பாடும் உண்டு. அதனால் வாடகை இடத்தில்தான் பல பள்ளிகள் நடக்கின்றன. குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, பிள்ளைகள் இடைவேளையில் எங்கே விளையாடுகிறார்கள், சமையலறை இல்லாவிட்டால் மதிய உணவு எங்கிருந்து வருகிறது, அதில் சைவம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

படி 10: பக்கத்தை மூடிவிட்டுப் பள்ளிக்குப் போங்கள்

அறங்காவலர் குழுவின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஒரு மாலை போய் உட்கார்ந்தால் விவரப் பக்கத்தில் கிடைக்காதது நிறையக் கிடைக்கும். போக முடியாவிட்டால் கடந்த ஆறு மாதக் கூட்டக் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள். ராஜினாமாக்கள், வாடகைப் பிரச்சினை, தணிக்கைக் குறிப்புகள் எல்லாம் அங்கே வரும்.

பள்ளி நேரத்தில் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். கையிலிருக்கும் தாளில் புரியாத இரண்டு எண்களை மட்டும் வட்டமிட்டுக்கொண்டு போய், அதைப் பற்றி நேராகக் கேளுங்கள். "நான்காம் வகுப்பில் ஏழு பேர் குறைந்திருக்கிறார்களே, என்ன ஆயிற்று?" என்று கேட்டபோது ஒரு தலைமையாசிரியர் என் எதிரிலேயே ஒவ்வொரு குடும்பமும் ஏன் போனது என்று பெயர் சொல்லாமல் எண்ணிச் சொன்னார். பிள்ளைகளை அவ்வளவு அறிந்து வைத்திருப்பது சின்னப் பள்ளியின் பெரிய பலம். இன்னொரு பள்ளியில் அதே மாதிரிக் கேள்விக்கு அச்சடித்த விளம்பரத் தாளைக் கையில் கொடுத்தார்கள்.

குலுக்கலும் அதற்குப் பிறகும்

விண்ணப்பத் தேதி பள்ளிக்குப் பள்ளி மாறும். பெரும்பாலும் குளிர்காலத்தில் முடிந்துவிடும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே படித்தால் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு, ஊரில் குடியிருப்பவருக்கும் உண்டு. 46 இடம் என்று பள்ளி சொன்னால் அதில் உடன்பிறந்தோருக்கு எத்தனை போகும் என்று கேளுங்கள். 18 போனால் உண்மையில் குலுக்கலுக்கு வருவது 28தான். காத்திருப்புப் பட்டியலில் 200 பேர் என்று கேட்டு மலைக்கவும் வேண்டாம். அதே பிள்ளை நான்கு பள்ளிகளின் பட்டியலிலும் இருக்கும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் பட்டியல் வேகமாக நகரும், தொலைபேசியை எடுக்கத் தவறாதீர்கள்.

இடம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தால் ஏற்றுக்கொள்ளச் சில நாட்கள்தான் தருவார்கள். குடியிருப்புச் சான்று, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு மூன்றையும் முன்பே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஊரில் போட்ட தடுப்பூசிகளுக்கு இங்குள்ள மருத்துவரிடம் படிவம் எழுதி வாங்க வேண்டியிருக்கும், அதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். சார்ட்டரில் பதிவு முடிந்து உறுதிக் கடிதம் கைக்கு வரும்வரை நகரப் பள்ளியில் பிடித்து வைத்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.